செல்லியின் இடது கன்னம்

ஊர்ப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதற்கு நான் எழுத வேண்டுமாம். நெல்லித்தோப்பில் என் வீட்டைத் தேடிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். மிருகக்காட்சிச் சாலையில் இருபத்தாறு வருடம் போட்டோகிராபராக இருந்தவர், மிருகங்களின் முகபாவத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதோடு போயிருக்கலாம். அவர்களில் ஒருவர் தன் போனை எடுத்து ஒரு முதலைப் படத்தைக் காட்டினார். விரலால் ஒரு தட்டு தட்டினார். முதலை சிரித்தது. இன்னொரு தட்டு, அதன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இப்பல்லாம் காத்துக் கெடக்கவே வேணாம் சார். எந்த மூட் வேணுமோ அதைப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கதவைத் திறந்துவிட்டு நின்றேன். காபிக்குப் பால் வைத்திருந்த என் மனைவி, வீட்டுக்கு வந்தவர்களை இப்படியா அனுப்புவது என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பேனாவை மூடி வைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று, ஆறவில்லை. ஆறாது என்று தெரிந்துவிட்டதால் கோபத்தோடேயே எழுதுகிறேன். மலருக்கு ஒத்துவராவிட்டால் தூக்கிப் போடட்டும்.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மில் தொழிலாளி. மில் அடிக்கடி மூடிக்கொண்டதால் பத்தாவது முடித்ததும் என்னை ஒரு ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டார். எங்கள் ஊர் ஸ்டூடியோக்களுக்கு ஒரு தனிப் பிழைப்பு உண்டு. பிரான்சில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்புகிற பெண் படம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா வீடுகளில் மாப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அவன் பெண்ணைப் பார்ப்பதே எங்கள் படத்தில்தான். ஆகவே முதலாளி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நல்ல பக்கத்தைக் கண்டுபிடி. எந்த முகத்திலும் ஒரு கன்னம் இன்னொன்றைவிட நன்றாக இருக்கும். அதை வெளிச்சத்துக்குத் திருப்பு, மற்றதை நிழலில் வை. அம்மைத் தழும்பு, எண்ணெய் தெறித்த வடு, சற்றே இறங்கிய இமை எல்லாவற்றையும் நான் நிழலில் வைத்திருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கை தானாக அந்த வேலையைச் செய்யும்.

அந்தக் கையோடுதான் அரசு வேலைக்கு வந்தேன். எங்கள் காட்சிச் சாலை சின்னது. பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர்ப் பலகைக்கு, ஆண்டறிக்கைக்கு, காலண்டருக்குப் படம் எடுப்பது என் வேலை. கூண்டுக் கம்பி படத்தில் தெரியாமல் எடுப்பதில் எனக்குப் பெயர். கருப்புத் துணியைத் தோளில் போட்டு, லென்ஸின் மூக்கைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டால் வலை கரைந்துபோகும். முக்காலியில் உட்காரக் கூடாது. மிருகத்தின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு நாம் இறங்க வேண்டும். மான் என்றால் பலகை மேல் உட்காருவேன். ஆமை என்றால் வயிற்றைத் தரையில் வைத்துப் படுப்பேன். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுகிறவரை விரல் பொத்தானைத் தொடாது. அதற்காக வெள்ளை அட்டை ஒன்றைக் காலிடுக்கில் சாய்த்து வைத்திருப்பேன். செவ்வாய்க்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. என் வேலை நாள் அதுதான்.

சேர்ந்த புதிதில் ஒரு குரங்கு பல்லைக் காட்டுகிற படம் எடுத்தேன். 'சிரிக்கும் குரங்கு' என்று காலண்டரில் போட்டார்கள். ஊரே கொண்டாடியது. அது சிரிப்பே இல்லை, என் கேமரா ஸ்டாண்டின் காலைத் தடி என்று நினைத்துப் பயந்து பல்லை இளித்திருக்கிறது என்று ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் முருகையன். கரடிக் கூண்டைப் பார்த்துக்கொள்பவர். அவரும் என் அப்பாவைப் போல மில்லில் இருந்து, அது மூடியதும் இங்கே வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் நான் ஆபீஸ் ஆள் என்பதால் என்னை சார் என்பார். குரங்கு பயந்தது என்பதையும் ஏதோ தான் தப்பு செய்ததைப் போலத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியூரேட்டர் அல்போன்ஸ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இருபத்தாறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கசங்காத அரைக்கைச் சட்டை. மேசையில் ஒரு காகிதம் கோணலாக இருக்காது. படத்தைக் கொண்டுபோனால் முதலில் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால்தான் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். பிறகு நேராக்குவார். பிடித்திருந்தால் "போன்" என்பார். பிரெஞ்சில் நன்று. பிடிக்கவில்லை என்றால் படத்தைக் குப்புறக் கவிழ்த்து என் பக்கம் தள்ளுவார். அந்த ஒரு "போன்"னுக்காக நான் எவ்வளவு அலைந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது. அவர் கத்துகிற ஆளாக, திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு எதிர்த்துப் பேசவாவது வந்திருக்கும்.

இனி செல்லி. ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் நடந்தது இது. செல்லி ஒரு பெண் கரடி. தெருவில் ஆட்டம் காட்டிப் பிழைத்த ஒருவனிடமிருந்து மீட்டு எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். மூக்கில் கயிறு கோத்த துளை தூர்ந்து போயிருந்தது. கடிக்காமல் இருப்பதற்காகப் பல்லை உடைத்துவிட்டிருந்தான், வேர் மட்டும் உள்ளே கிடந்தது. காலண்டருக்கு அதைப் படம் எடுக்கச் சொன்னார் அல்போன்ஸ்.

முதல் செவ்வாய்க்கிழமை காலை. இராத்திரி அடைக்கும் உள்கூண்டைக் கழுவிவிட்டு முருகையன் செல்லியை வெளி முற்றத்துக்கு விட்டார். அது நேராகத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இருந்த ஈரச் சுவருக்குப் போனது. இடது கன்னத்தைச் சுவரில் வைத்து அழுத்தி, முன்னங்காலால் மோவாயைத் தாங்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மனிதன் ஒருவன் பெரிய கவலையில் உட்கார்ந்து யோசிப்பதைப் போலவே இருந்தது. இப்படி ஒரு முகம் வாழ்க்கையில் ஒருதரம்தான் கிடைக்கும் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவசர அவசரமாக ஸ்டாண்டின் மூன்றாவது காலை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தேன். முருகையன் என் அருகில் வந்து குந்தினார்.

"அது யோசிக்கல சார். பல்லு வலிக்குது அதுக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், தின்னுதுல்ல, அப்புறம் இன்னா வலின்றாரு. நீங்க பெரியவர்கிட்ட போறவரு. ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேன்" என்றேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்த அல்போன்ஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நேராக்கினார். "போன்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் "போன்" என்றார். இரண்டு "போன்" யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கதவு வரை போய்விட்டுத்தான் முருகையன் சொன்னது நினைவு வந்தது. திரும்பி வந்து சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். பல்லைப் பார்க்க வேண்டுமென்றால் மயக்க ஊசி போட வேண்டும், முகத்தை மழிப்பார்கள், மறுபடி முடி வளர மாதக்கணக்காகும், காலண்டர் வேலையும் முகப்புப் பலகை வேலையும் முடியட்டும் என்றார். அவசரம் ஏதாவது இருந்தால் தினசரிப் புத்தகத்தில் தெரியுமே என்றார். எல்லாமே நியாயமான பேச்சாகத்தான் கேட்டது.

அந்தப் புத்தகத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். பக்க எண் அச்சடித்த புத்தகம், ஒரு மிருகத்துக்கு ஒன்று. நாளுக்கு மூன்று கட்டம். தீனி, கழிவு, நடமாட்டம். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வந்து பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். ஊரில் உள்ள ஆடு மாடு அத்தனைக்கும் அவர்தான் டாக்டர் என்பதால், கட்டம் சரியாக இருந்தால் கூண்டுப் பக்கம் போக அவருக்கு நேரம் இருக்காது. வலி என்று ஒரு கட்டம் கிடையாது. செல்லியின் புத்தகத்தில் தீனிக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் 'முழுதும்' என்று முருகையனின் கோழிக் கிறுக்கல். முழுதும் தின்கிற மிருகத்துக்கு என்ன நோய் இருக்க முடியும் என்று நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அது எப்படி முழுதும் தின்றது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். பட்டியல்படி அதற்குக் கேழ்வரகுக் களி உருண்டை, பழம், கிழங்கு. செல்லியால் மெல்ல முடியவில்லை. முருகையன் களியைத் தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து, கிழங்கை வேகவைத்து மசித்து, வாழைப்பழத்தையும் பிசைந்து கூழாக்கி, கம்பிக்கு அந்தப் பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று குடிக்க வைப்பார். ஒரு சொட்டு மிச்சமிருக்காது. அதனால் 'முழுதும்' என்று எழுதுவார். பொய்யும் இல்லை. அந்த மனிதர் காட்டிய பரிவுதான் அந்தப் பிராணியின் நோயைப் புத்தகத்திலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை, பார்த்த எனக்கும் உறைக்கவில்லை.

ஏழு செவ்வாய்க்கிழமைகள் எடுத்தேன். காலண்டருக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று அல்போன்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் போதவில்லை. இரண்டாவது வாரம் சொன்னீங்களா என்று முருகையன் கேட்டார், சொன்னேன் என்றேன். மூன்றாவது வாரமும் கேட்டார். அதன் பிறகு கேட்கவில்லை. ஏழாவது வாரம் செல்லியின் இடது கண்ணிலிருந்து மஞ்சளாக வடிந்து முடியெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. அன்று அது கூழையும் குடிக்கவில்லை. முருகையன் தட்டைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஏழு வாரப் படங்கள் என்னிடம் இருக்கின்றன, வாரா வாரம் வீக்கம் எப்படி ஏறியிருக்கிறது என்று வரிசையாக வைத்துக் காட்டினால் டாக்டர் மறுக்க முடியாது என்று ஓடினேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில்கூட இடது கன்னம் இல்லை. அது சுவரில் அழுத்தியிருந்தது ஒரு காரணம். ஆனால் அது திரும்பிய நேரங்களும் இருந்தன. அப்போதெல்லாம் நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? வெள்ளை அட்டையை வலது பக்கம் நகர்த்தி, இடது பக்கத்தை இருட்டில் போட்டிருக்கிறேன். இடது பக்கம் ஏதோ உப்பலாக, கோணலாக இருக்கிறது என்று என் கைக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பாரிஸ் மாப்பிள்ளைக்கு அனுப்புகிற படம்போல நான் ஒரு கரடிக்கு நல்ல பக்கம் பார்த்திருக்கிறேன். நானூறு படத்துக்கு மேல் இருந்தது. நானூறும் அழகு. ஒன்றுகூட உதவவில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். முருகையன் தேனைக் காட்டி அதன் முகத்தைத் திருப்பினார். ஸ்டூடியோவில் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன். நேர் எதிரே ஃபிளாஷ், நிழலே கிடையாது. கண் ஓரத்துச் சீழ், கன்னத்து வீக்கம், உதட்டின் சிவப்பு எல்லாம் அப்பட்டமாக விழுந்தன. அவ்வளவு அசிங்கமான படத்தை நான் எடுத்ததே இல்லை. அல்போன்ஸிடம் கொண்டுபோனேன். அவர் தலைகீழாக்கவும் இல்லை. கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். முகப்புப் பலகை திறப்பு விழா வரட்டும், பார்க்கலாம் என்றார்.

நான் நேராகக் கரடிக் கூண்டுக்குப் போய், செல்லியின் தினசரிப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தை எடுத்து, நடமாட்டம் என்ற கட்டத்தின் மேல் அந்தப் படத்தைப் பசை போட்டு ஒட்டினேன். பக்க எண் போட்ட புத்தகம், கிழிக்க முடியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் படத்துக்கு அடியிலேயே இருந்தது. வியாழக்கிழமை டாக்டர் வந்து பேனாவைத் திறந்தார், அப்படியே மூடினார். எழுந்து கூண்டுக்குப் போனார். மறுநாளே மயக்க ஊசி. பல்வேரில் கட்டிய சீழ் கண்ணுக்குப் பின்னால் ஏறியிருந்தது. மூன்று வேர்களை எடுத்தார்கள். கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை மாதம் முன்னால் பார்த்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று டாக்டர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

செல்லி பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது சுவரில் சாயவே இல்லை. முற்றத்தில் மண்ணைத் தோண்டியது, கறையான் தேடியது, களி உருண்டையை உருண்டையாகவே தின்றது. முகப்புப் பலகையில் போட்டிருந்த 'யோசிக்கும் கரடி'யைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். பலகையில் உள்ளது மாதிரி உட்காரவே மாட்டேன் என்கிறதே என்று புகார்ப் புத்தகத்தில் எழுதினார்கள். எனக்கு அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டேன். சால்வை போட்டார்கள்.

கண் போனதற்கு யாராவது பொறுப்பாக வேண்டுமே. விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு முருகையன் மேல். பட்டியலுக்கு மாறாகத் தீனியைக் கூழாக்கிக் கொடுத்து, முழுதும் தின்றதாக எழுதி, நோயை மறைத்தார் என்பது. அல்போன்ஸின் அறையில்தான் நடந்தது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி, அல்போன்ஸ், ஓரத்தில் சூப்பர்வைசர், அவர் பக்கத்தில் நான். முருகையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூப்பர்வைசரிடம் சொன்னேன் என்றார். அவர் இல்லவே இல்லை என்றார். அப்புறம் போட்டோகிராபர் சாரிடம் முதல் செவ்வாய்க்கிழமையே சொன்னேன், அவரைக் கேளுங்கள் என்றார் முருகையன். சொல்லும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், நம்ம ஆள் இருக்கிறார் என்கிற மாதிரி.

அல்போன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போதும் போல மெதுவாகத்தான் கேட்டார். "அப்படி ஏதாவது சொன்னாரா? உங்களுக்கு ஞாபகம் இருந்தா சொல்லுங்க."

ஞாபகம் இருந்தா என்று சேர்த்தார் பாருங்கள், அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆம் என்றால் அடுத்த கேள்வி, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்பதுதான். அப்போது நான் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் ஏழு வாரம் உட்கார்ந்து படம் எடுத்தது ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதிலிருந்து தப்பிக்க ஒரு கதவை அவரே திறந்து வைத்தார். நான் அதில் புகுந்தேன்.

"சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் முருகையன் நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "வுடுங்க சார். எனக்கு இன்னும் நாலு வருஷம்தான். உங்களுக்கு சர்வீஸ் கெடக்குது" என்றார்.

அவரைக் கரடிக் கூண்டிலிருந்து எடுத்து நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் என் படம், வலது கன்னம் வெளிச்சத்தில் இருக்கும் யோசிக்கும் கரடி. அதற்குக் கீழே நின்று நாலு வருடம் டிக்கெட் கிழித்தார். வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தின் அடியில் மோவாயில் கை வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவரை நகரச் சொல்லுவார்கள், அவர் நகர்ந்து கொடுப்பார். சாயங்காலம் வேலை முடிந்து ஒரு நடை கூண்டுப் பக்கம் போவார். அவர் வாசனை பட்டதும் செல்லி கம்பிக்கு ஓடி வரும், இருக்கிற ஒற்றைக் கண் அவர் பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். கேட்டவர்களிடம் அந்தப் பக்கம்தான் வண்டிக்கு நிழல் என்று சொன்னேன்.

அல்போன்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்லியும் இல்லை. முருகையன் இருக்கிறார், மூலக்குளத்தில் மகள் வீட்டில். போன வருடம் மார்க்கெட்டில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார். இன்னும் அதே சார். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விசாரணைத் தாளில் என் கையெழுத்து இன்னும் இருக்கும். அதில் உள்ளதை மாற்ற முடியாது. ஆகவே இங்கே அச்சில் சொல்கிறேன், முருகையனின் மகள் அவருக்குப் படித்துக் காட்டட்டும். முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்கு முன்னால், ஸ்டாண்டின் மூன்றாவது காலை நான் நிறுத்திக்கொண்டிருந்தபோது, கரடிக்குப் பல் வலிக்கிறது, மேலே சொல்லுங்கள் என்று முருகையன் என்னிடம் சொன்னார். இரண்டாவது வாரமும் கேட்டார். மூன்றாவது வாரமும் கேட்டார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றும் இருந்தது.